பின்கதவு தொங்கிய மூன்று நாள்

என் தங்கை இந்தத் தெருவில் ஒரு தலைவியாக வளர்ந்ததில் எனக்கும் பங்கு உண்டு என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொய் இல்லை. அவள் ஓட்டும் வேனை முதலில் வாங்கியவன் நான்தான். வண்டி முன்னால் நன்றாகவே போனது. பின்னால் எடுக்கும்போதுதான் சுவர், குப்பைத்தொட்டி, ஒருமுறை ஒரு வக்கீலின் ஸ்கூட்டர் என்று எதையாவது தேடிப்போய் இடித்தது. ஸ்கூட்டருக்கு மறுநாள் தங்கை வந்து வண்டியின் கதவைத் திறந்து, "இறங்குண்ணா" என்றாள். இறங்கினேன். என் பங்கு அவ்வளவுதான். மீதியை அவள் பார்த்துக்கொண்டாள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆயத்த ஆடைகளை ஆளுக்குத் தகுந்தபடி பிரித்துத் தைத்துக் கொடுக்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். ஒரு கால்சட்டையின் நீளத்தை மூன்று முறை அளந்த பிறகே கத்தரிக்கோலை எடுப்பேன். அதனால் தெருவில் எனக்கு 'அளவு' என்று பெயர். எதிரே வேன் ஸ்டாண்ட். எங்கள் தெரு முழுக்க மேசை, நாற்காலி, கட்டில், பீரோ விற்கும் கடைகள். வாங்குகிறவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோக வேன் வேண்டும். அதற்காக நடைபாதை ஓரமாக வண்டிகள் வரிசையாக நிற்கும்.

வரிசை என்பது பிறகு வந்தது. முன்பெல்லாம் கட்டில் வாங்கிய மனிதரின் வலது கையை ஒரு டிரைவரும் இடது கையை இன்னொருவரும் பிடித்து இழுப்பார்கள். கட்டிலின் சட்டம் ஒரு வண்டியிலும் கால்கள் இன்னொரு வண்டியிலும் போன கதையும் உண்டு. தெரு அடைத்துக்கொள்ளும், கடைக்காரர்கள் கத்துவார்கள். கடைசியில் நகராட்சியிலிருந்து ஆள் வந்து, இன்னொரு சண்டை வந்தால் ஸ்டாண்டையே எடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்றுதான் என் தங்கை வாயைத் திறந்தாள். "வந்த வரிசைல நிப்போம். முன்னாடி நிக்கிற வண்டிக்கு எது வருதோ அதை ஏத்தணும். வெளியூருக்கு வீடு மாத்துறதா இருந்தாலும் சரி, அடுத்த தெருவுக்கு ஒரு முக்காலியா இருந்தாலும் சரி. மாட்டேன்னு சொல்லக்கூடாது."

"சொல்றது சுலபம்மா," என்றார் மீசை. ஸ்டாண்டிலேயே மூத்த டிரைவர் அவர். மீசை முகத்தைவிட அகலம். "உன் முறை வரட்டும். அப்புறம் பாக்கலாம் உன் நியாயத்தை."

மறுநாள் அவள் வண்டி முன்னால் நின்றபோது வந்தது ஒரு மீன் தொட்டி. தண்ணீரோடு, மீன்களோடு. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நாலாவது மாடி. கொண்டுவந்த பெரியவர், "தண்ணி கலங்கினா அதுங்களுக்குக் கோவம் வரும்மா" என்று வேறு சொன்னார். அவள் நத்தை வேகத்தில் போய், படி படியாக ஏறி, மீன்களுக்குக் கோபம் வராமல் இறக்கி வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அதற்குள் அவளுக்குப் பின்னால் நின்ற வண்டிகளுக்கெல்லாம் நல்ல நல்ல பாரங்கள் அமைந்துவிட்டன. சட்டையெல்லாம் பாசி நாற்றத்தோடு வரிசையின் கடைசியில் வந்து நின்றாள்.  அதன் பிறகு முக்காலி வந்தால் மாட்டேன் என்று சொல்ல எவருக்கும் வாய் வரவில்லை.

யாரும் அவளுக்கு ஓட்டுப் போடவில்லை, மாலை போடவில்லை. ஏதாவது தகராறு என்றால் எல்லோரும் அவள் பக்கம் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். நானும் ஆரம்பித்தேன், வேறு விதமாக. "தலைவி என் கூடப்பிறந்தவள்" என்று சொல்லி டீக்கடையில் எனக்கு மட்டும் சர்க்கரை அதிகம் போடச் சொல்லுவேன். போட்டார்கள். சர்க்கரை வியாதி வந்ததும் அந்தப் பதவியை நானே துறந்தேன்.

வரிசையை மீறிப் பாரம் ஏற்றினால் என்ன செய்வது என்பதையும் அவர்களே பேசி முடிவு செய்தார்கள். மூன்று நாள் அந்த வண்டி கடைசியில், பின்கதவை இறக்கித் தொங்கவிட்டபடி காலியாக நிற்க வேண்டும். அதன் டிரைவர் மற்ற வண்டிகளுக்குக் கூலி இல்லாமல் சாமான் தூக்க வேண்டும். தொங்கும் கதவு தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தெரியும். "யார் கதவு தொங்குது?" என்று கடைக்காரர்கள், சாவு வீட்டை விசாரிப்பதுபோல் விசாரிப்பார்கள்.

மீசை ஒருமுறை வரிசையில் ஐந்தாவதாக நின்றுகொண்டே தன் மருமகனின் கட்டிலை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். கதவை இறக்கச் சொன்னதற்கு, மருமகன் என்றால் என்ன, கட்டில் என்றால் என்ன, மாமனாரின் கடமை என்ன என்று மூன்று நாளும் பேசினார். சாமான் தூக்கினாரோ இல்லையோ, எல்லோருக்கும் காது வலித்தது. அப்போதுதான் தங்கை இன்னொன்றையும் சேர்த்தாள்: கதவு தொங்குகிறவருக்கு அந்த மூன்று நாள் ஸ்டாண்ட் விஷயத்தில் வாய் கிடையாது. எல்லோரும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். மீசை மட்டும் சிரிக்கவில்லை.

இப்போது கண்ணாடிக்கு வருகிறேன்.

என் கடையில் இருந்த கண்ணாடி கழுத்திலிருந்து முழங்கால் வரைதான் காட்டும். கால்சட்டையின் அடி மடிப்பைப் பார்க்க வாடிக்கையாளர்கள் குதிக்க வேண்டும். ஆள் உயரத்துக்கு ஒன்று வேண்டும் என்று இரண்டு தெரு தள்ளியிருந்த கண்ணாடிக் கடையில் சொல்லி வைத்திருந்தேன். தயாராகிவிட்டது என்று சொன்ன அன்று, வரிசையின் முன்னால் நின்றது குலுக்கலின் வண்டி. குலுக்கல் நல்ல பையன். ஆனால் அவன் வண்டியில் முட்டை ஏற்றினால் ஆம்லெட்டாகத்தான் இறங்கும் என்று ஊர் சொல்லும். ஊருக்கு அதை முதலில் சொன்னவன் நான்.

"நீ எடுத்துட்டு வாயேன்," என்றேன் தங்கையிடம்.

"நான் நாலாவது நிக்கறேன். முன்னாடி இருக்கறவன்கிட்ட சொல்லு."

"அவன் கொண்டு வந்தா அது முகம் பாக்கற கண்ணாடியா இருக்காது. மணலாத்தான் இருக்கும்."

"அப்ப என் முறை வர்ற வரைக்கும் காத்திரு."

காத்திருப்பதா? தலைவியின் அண்ணன்! கண்ணாடியின் நீள அகலத்தை அளந்தேன். என் கை விரிப்பை அளந்தேன். சரியாக இருந்தது. நானே தூக்கி வருவதென்று கிளம்பினேன். என் இடுப்பை மட்டும் அளக்க விட்டுப்போயிற்று.

மருந்துக்கடை வாசலில் 'டக்' என்று ஒரு சத்தம் என் இடுப்புக்குள் கேட்டது. அதன் பிறகு கண்ணாடியைக் கீழே வைக்கவும் முடியவில்லை, மேலே தூக்கவும் முடியவில்லை. அப்படியே நின்றேன். கண்ணாடிக்குள்ளிருந்து ஒருவன் வாயைப் பிளந்துகொண்டு என்னையே பார்த்தான். வழியில் போன ஒரு பெண் நின்று, தலையைச் சரிசெய்துகொண்டு, "என்ன விலைங்க?" என்று கேட்டாள். மருந்துக்கடைக்காரர்தான் என் நிலைமையைப் புரிந்துகொண்டு தங்கைக்கு போன் செய்தார்.

வண்டி பறந்து வந்தது. அவளும் மருந்துக்கடைக்காரரும் சேர்ந்து என்னைப் பலகைபோல் தூக்கிப் பின்னால் கிடத்தினார்கள். அது தப்பில்லை. உடம்புக்கு முடியாத ஆளை ஏற்ற வரிசை கிடையாது. கண்ணாடி மருந்துக்கடைச் சுவரில் சாய்ந்திருந்தது. நான் இடுப்புக்காகக் கத்தியதைவிட அதற்காக அதிகம் கத்தினேன்.

"கண்ணாடி! கண்ணாடி! யாராவது இடிச்சிடுவாங்க!"

"அண்ணா, அது பாரம். என் முறை இல்ல."

"பாரமா? அது நான் வாங்கினதும்மா! என் பொருள்!"

அவள் உதட்டைக் கடித்தாள். வானத்தைப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைத் தூக்கி என் பக்கத்தில் நிறுத்திக் கயிறு போட்டுக் கட்டினாள். ஸ்டாண்டைத் தாண்டித்தான் என் கடைக்கு வர வேண்டும். வரிசையில் நின்ற அத்தனை டிரைவர்களும் அந்தக் கண்ணாடியில் தங்கள் முகத்தைப் பார்த்தார்கள். அதன் அடியில் என்னையும் பார்த்தார்கள்.

கடையில் துணி வெட்டும் மேசைமேல் என்னைக் கிடத்தி, கண்ணாடியைச் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டு அவள் போனாள். தலையைத் திருப்ப முடியாத எனக்குக் கண்ணாடி வழியாகத் தெரு முழுவதும் தெரிந்தது, இடம் வலமாக. அவள் வண்டி வரிசையின் கடைசிக்குப் போய் நின்றது. அவள் இறங்கினாள். பின்கதவின் கொக்கியை எடுத்தாள். கதவு டமார் என்று விழுந்து தொங்கியது.

யாரும் கேட்கவில்லை, சொல்லவில்லை. அதற்குள் அவளே இறக்கிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் எல்லோரும் என் கடைக்குள் வந்துவிட்டார்கள். காரணம் இருந்தது. மறுநாள் நகராட்சி அதிகாரி ஸ்டாண்டைப் பார்க்க வருகிறார். இதே இடத்தில் இன்னும் மூன்று வருடம் நிற்க அனுமதி கேட்டிருந்தார்கள். கிடைக்காவிட்டால் ஊருக்கு வெளியே, லாரி மேட்டுப் பக்கம் போக வேண்டும். அங்கே கட்டில் வாங்க யார் வருவார்கள்? அதிகாரியிடம் பேச வேண்டியவள் என் தங்கை. என்ன பேச வேண்டும் என்று ஒரு வாரமாகத் தயார் செய்து வைத்திருந்தாள். இப்போது அவளுக்கு வாய் கிடையாது.

முதலில் பேசியவர் மீசை. நான் எதிர்பார்க்கவில்லை.

"ஆனைக்கும் அடி சறுக்கும்மா. கூடப்பிறந்தவன் ரோட்டுல கிடந்தா யாருதான் விதியப் பாப்பாங்க? போய்க் கதவை மூடு. நாங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம். மன்னிச்சாச்சு."

அவர் என் தங்கையை யானைக்கு ஒப்பிட்டதில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. படுத்தபடியே என் மனைவியிடம், "மீசை அண்ணனுக்கு ஒரு டீ சொல்லு, சர்க்கரை தூக்கலா" என்றேன்.

"சட்டப்படி பாத்தாலும் அது தப்பே இல்ல," என்று நானும் என் வாதத்தை வைத்தேன். "ஏத்தினது என்னை. கண்ணாடி என்கூட வந்தது. நோயாளிக்கு ஊன்றுகோல் மாதிரி."

"ஆளு உயரத்துக்குக் கண்ணாடில ஊன்றுகோல்," என்றாள் என் மனைவி. "நல்லா ஊன்றினீங்க."

குலுக்கல் மூலையில் நின்றுகொண்டு, "என் வண்டில வந்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காதுண்ணே" என்றான்.  இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினேன்.

தங்கை யாருக்கும் பதில் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினாள், முடியாது என்று. எல்லோரும் போன பிறகுதான் என்னிடம் பேசினாள். நான் ஸ்டாண்ட் இல்லையே, என்னிடம் பேசலாம்.

"ஏம்மா இவ்வளவு பிடிவாதம்? அந்த மனுஷன் தங்கமா மன்னிச்சாரு."

"மன்னிக்கல அண்ணா. முன்பணம் குடுத்தாரு."

"என்னது?"

"நாளைப்பின்ன அவர் மறுபடி கட்டிலத் தூக்கிட்டுப் போவாரு. நான் போய்க் கேப்பேன். 'அன்னைக்கு உன்னை விட்டேன்ல'ன்னு சொல்வாரு. அப்புறம் எனக்கு வாய் இருந்தும் என்ன, இல்லாம என்ன?"

"சரி, நாளைக்கு அந்த அதிகாரி போனப்புறம் கதவை இறக்கேன். மூணு நாள் மூணு நாள்தானே? இன்னைக்கு ஆரம்பிச்சா என்ன, நாளைக்கு ஆரம்பிச்சா என்ன?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். அவளுக்கும் அந்த எண்ணம் வந்திருக்க வேண்டும். "மீசை அண்ணன் அன்னைக்கு மருமகனுக்கு விருந்து முடியட்டும், அப்புறம் இறக்கறேன்னாரு. நான் விட்டேனா?" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். வாசலில் நின்று, "அந்தக் கண்ணாடிய ஏத்தியிருக்கக் கூடாது. உன் கத்தல் தாங்கல" என்றாள். மன்னிப்புக் கேட்கிறாளா, என்னைத் திட்டுகிறாளா என்று எனக்கு இன்னும் புரியவில்லை. திட்டினாள் என்றுதான் என் மனைவி சொல்கிறாள்.

மறுநாள் காலை அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர், கையில் ஒரு கோப்பு. நான் மேசைமேல் படுத்துக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது முன்னால் நின்றது மீசையின் வண்டி. இரும்பு பீரோ ஒன்றை ஒரு முனையில் மீசையும் மறுமுனையில் என் தங்கையும் தூக்கி வந்துகொண்டிருந்தார்கள்.

"இங்க தலைவர் யாரு?" என்றார் அதிகாரி.

எல்லோரும் பீரோவைக் காட்டினார்கள். பீரோவுக்குப் பின்னாலிருந்து என் தங்கையின் முகம் எட்டிப் பார்த்தது. வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது.

"நீங்களா? ஸ்டாண்ட் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க."

அவள் பீரோவை இறக்கிவைத்துக் கும்பிட்டாள். பேசவில்லை. தன் வண்டியின் தொங்கும் கதவைக் காட்டினாள்.

"என்னங்க, இவங்களுக்குப் பேச வராதா?"

 குலுக்கல் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் மீசைதான் தொண்டையைச் செருமினார். வேறு வழி இல்லை, முன்னால் நின்றது அவர் வண்டி.

"நல்லாவே வரும் சார். கதவு தொங்குது, அதான் பேசக்கூடாது," என்று ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. வரிசையைச் சொன்னார், முக்காலியைச் சொன்னார், மீன் தொட்டியைச் சொன்னார். தன் கதவு தொங்கியதையும் மறைக்காமல் சொன்னார். பேசப் பேசக் குரல் உயர்ந்தது. என்னமோ எல்லாம் அவரே யோசித்துக் கொண்டுவந்தது போல. நல்ல பேச்சு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் தங்கை பேசியிருந்தால் அனுமதியைக் கேட்டிருப்பாள். மீசை அதைக் கேட்கவே மறந்துவிட்டார்.

அதிகாரி கோப்பைத் திறந்தார். "அப்ப, தலைவரே விதிய மீறின ஸ்டாண்டு இது. அப்படித்தானே?"

எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயா! தப்பு என்னுது! கண்ணாடியாலதான்!" என்று கத்தினேன்.

அதிகாரி சுற்றுமுற்றும் பார்த்தார். குரல் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. பிறகு கடைக்குள் இருந்த கண்ணாடியில், மேசைமேல் விறைப்பாகக் கிடந்த என்னைப் பார்த்து ஒரு அடி பின்வாங்கினார்.

"யாரது? என்ன ஆச்சு அவருக்கு?"

"தலைவியோட அண்ணன் சார்," என்றான் குலுக்கல். "இடுப்புதான் பிடிச்சிருக்கு. வாய் நல்லா இருக்கு."

"அவரக் கண்டுக்காதீங்க சார்," என்றார் மீசை.

அதிகாரி கோப்பை மூடினார். "நீங்கல்லாம் பேசி மன்னிச்சிருக்கலாமே?" என்றார்.

"நான் மன்னிச்சேன் சார்," என்றார் மீசை, வருத்தத்தோடு. "வாங்கிக்க மாட்டேன்னுடுச்சு."

அதிகாரி லேசாகச் சிரித்தார் என்று குலுக்கல் சத்தியம் செய்கிறான். எனக்குத் தெரிந்த கோணத்தில் அவர் முதுகுதான் தெரிந்தது. ஆனால் அனுமதி மூன்று வருடத்துக்குக் கிடைக்கவில்லை. ஒரு வருடம். "அடுத்த வருஷம் வந்து பாக்கறேன், இந்த வரிசை அப்பவும் நிக்குதான்னு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை ஸ்டாண்டில் முகங்கள் நன்றாக இல்லை. அவள் பேசியிருந்தால் மூன்று வருடம் கிடைத்திருக்கும் என்று எல்லோரும் முணுமுணுத்தார்கள். குலுக்கல் மட்டும் நேராகவே கேட்டான்.

"அக்கா, நீங்க வாயத் திறந்திருந்தா மூணு வருஷம் வாங்கியிருக்கலாம்ல?"

அவள் தலையை ஆட்டினாள். வாங்கியிருக்கலாம் என்றுதான் ஆட்டினாள்.  அடுத்த வண்டிக்கு மெத்தை தூக்கப் போனாள். அவள் தோள் அன்று கொஞ்சம் இறங்கியிருந்தது. சட்டைக்குத் தோள் அளவு எடுக்கிறவன் நான், எனக்குத் தெரியும். அந்தப் பிடிவாதத்துக்கு ஸ்டாண்ட் இரண்டு வருடத்தைக் கொடுத்ததா, அல்லது இருந்த ஒரு வருடமும் அதனால்தான் கிடைத்ததா? நானும் பல முறை அளந்து பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் வேறு அளவு வருகிறது.

மூன்றாம் நாள் முடிந்ததும் கதவை மூடினாள். என் இடுப்பும் ஒருவழியாக வழிக்கு வந்தது. புதுக் கண்ணாடியில் வாடிக்கையாளர்கள் இப்போது குதிக்காமல் பார்க்கிறார்கள். நான் அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்கிறேன். அப்படிச் சொல்லும்போது என் தங்கையைக் கொஞ்சம் உயரமாக்கித்தான் சொல்கிறேன். அவளுக்குப் பார்க்காமலே எல்லாம் தெரியும், முதுகிலும் கண் உண்டு என்றெல்லாம். அண்ணனுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

சில மாதம் கழித்து ஒரு மதியம். ஸ்டாண்டில் ஆள் இல்லை. தங்கை என் கடைக்குள் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வெளியே டமார் என்று சத்தம். எட்டிப் பார்த்தேன். மீசையின் வண்டி, வரிசையின் கடைசியில், கதவு தொங்கிக்கொண்டிருந்தது. அவர் தெருவைக் கடந்து நேராக எங்களிடம் வந்தார். முகத்தைவிட அகலமான மீசை துடித்தது.

"என்னண்ணே?" என்றாள் தங்கை, வாயில் சோற்றோடு.

"மச்சான் வீட்டு ஃப்ரிட்ஜு. என் முறை வர்றதுக்கு முன்னாடி ஏத்திட்டுப் போயிட்டேன். இப்ப இறக்கிட்டேன். போதுமா?"

"நான் பாக்கவே இல்லையே."

"நீ பாக்கலைன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கத்திவிட்டு, என்னைச் சுட்டிக்காட்டினார் மீசை. "உனக்கு முதுகுலயும் கண்ணு இருக்குன்னு நம்ம 'அளவு' ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாரே!"